மக்டலீன் தராத பெயர்

நவம்பரில் வரும் ஆத்துமாக்கள் திருநாள் பூசையில் வாசிப்பதற்காக, ஒஸ்லோவில் இருக்கிற எங்கள் சனங்களிடம் இறந்தவர்களின் பெயர்களை வாங்கிப் பட்டியல் எழுதுகிறவள் நான், மரியரஞ்சனி. கேட்டால் எல்லாரும் தருவார்கள். எங்களோடு பூசைக்கு வருகிற மக்டலீனும் தகப்பன், தாய், மாமன் என்று மளமளவெனச் சொல்லுவாள். தம்பி எலியாஸ் என்று நான் வாயெடுத்தால் மட்டும் எழுந்து தேத்தண்ணி போடப் போய்விடுவாள்.

எலியாஸ் 2007இல் மன்னாரில் சண்டைக்குப் பயந்து சனம் இடம்பெயர்ந்து ஓடியபோது காணாமற்போனவன். அதற்கு முதல் அவனை நோர்வேக்குக் கூப்பிடுவதற்கு இவள் பத்து வருடம் நாயாய் அலைந்தாள். முதியோர் இல்லச் சமையலறையில் வேலை, அம்மருட்டில் ஒன்பதாம் மாடியில் வீடு, அந்த வீட்டில் அவனுக்கென்று ஓர் அறை. அவன் காணாமற்போன பிறகும், ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதியில் மலிவு விற்பனை என்றால் அவனுக்கென்று நாற்பத்திரண்டாம் அளவுப் பனிச்சப்பாத்து வாங்கிக்கொண்டு வருவாள். அவனைத் தேடித் தரச்சொல்லிச் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு அனுப்பிய படிவங்களின் பிரதிகளே ஒரு கட்டு இருக்கும். பார்க்க எனக்குப் பாவமாகவும் இருக்கும், எரிச்சலும் வரும். செத்தவனுக்குப் பூசை கொடுக்காமல் ஆத்துமாவை அந்தரிக்க விடுகிறாயே என்று முகத்துக்கு நேரே சொல்லியுமிருக்கிறேன்.

2009 ஒக்டோபரில் ஒரு ஞாயிறு, பள்ளிக்கூட வேலையொன்றுக்காக என் மகள் சிந்தியா யூத அருங்காட்சியகத்துக்குப் போகவேண்டியிருந்தது. வீட்டில் அடைந்து கிடந்த மக்டலீனையும் இழுத்துக்கொண்டு போனேன். முன்பு யூதர்களின் செபக்கூடமாக இருந்த கட்டடம். உள்ளே பாத்திரங்கள், மெழுகுதிரித் தண்டுகள், குடும்பப் படங்கள். நோர்வேயை ஜெர்மன்காரர் பிடித்து வைத்திருந்த காலத்தில், 1942இல், கப்பலில் ஏற்றி வதைமுகாமுக்குக் கொண்டுபோகப்பட்ட யூதர்களைப் பற்றிச் சிந்தியா வாசித்துச் சொல்லிக்கொண்டே வந்தாள். ஒவ்வொரு படத்துக்கு முன்னாலும் மக்டலீன் ஒரே கேள்வியைத்தான் கேட்டாள், இவர் திரும்பி வந்தவரா என்று. இல்லை, இல்லை என்று சொல்லிக்கொண்டே பிள்ளை அடுத்த படத்துக்கு நகர்ந்தாள்.

வாசலருகில் பெரிய புத்தகமொன்று விரித்தபடி கிடந்தது, பக்கத்தில் பேனை. பெயர், ஊர், திகதி என்று கட்டம் போட்டிருந்தார்கள். மக்டலீன் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. படிவம் நிரப்பிப் பழகிய கை அல்லவா? எலியாஸ் சூசைப்பிள்ளை, சிலாவத்துறை, மன்னார் என்று பெரிய எழுத்தில் எழுதினாள். காணாமற்போன திகதி சரியாகத் தெரியாதபடியால் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டு, ஓரத்தில் தன் தொலைபேசி எண்ணைப் போட்டாள்.

அங்கே பொறுப்பாக இருந்த வயதான பெண்மணி அதைக் கவனித்துவிட்டார். இது ஆட்களைத் தேடுகிற புத்தகமல்ல, இங்கே வந்து பார்த்தவர்கள் தங்கள் பெயரை எழுதிவிட்டுப் போகிற புத்தகம் என்று மெதுவாகச் சொன்னார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. பேனையைப் பறித்து அந்த வரியை வெட்டப் போனேன். மக்டலீன் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“வெட்டாதையுங்கோ அக்கா. இதிலை வந்த ஆக்கள்தானே எழுதுறவை? அவனும் இஞ்சை வந்ததெண்டு இருக்கட்டும்.”

சிந்தியா அதை நோர்வே மொழியில் சொன்னபோது அந்தப் பெண்மணி புத்தகத்தை மக்டலீனின் பக்கமாகத் திருப்பி வைத்தார். அவள் என்னிடமிருந்து பேனையை வாங்கி, வெறுமையாக இருந்த கட்டத்தில் அன்றைய திகதியை நிதானமாக எழுதினாள். பிறகு அங்கேயே நின்று அழுதாள்.

இரண்டு வருடமாக அந்தப் பெயரைச் செத்தவர்களின் பட்டியலுக்குத் தா தா என்று கேட்டவள் நான். அந்த நவம்பரில் கேட்கவில்லை.