உட்காரும் பலகை இல்லாத நாற்காலி

எங்கள் பட்டறையில் நான் வடிவமைத்த முதல் விளக்கைப் படம் எடுத்துக்கொண்டு வந்து காட்டியபோது அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். வலையிலிருந்து கழற்றிப் போட்ட பழைய மிதவைகளைக் கோத்து, நடுவில் பல்பு வைத்த விளக்கு அது.

"நாம குப்பையில கடாசறத துட்டு குடுத்து வாங்கினு போறானுங்களா? இன்னாடி இது, பைத்தியக்காரனுங்களா இருப்பானுங்க போலகீது!"

தொண்ணூறுகளின் நடுவில் செங்கல்பட்டில் வரைபடப் படிப்பை முடித்துவிட்டு, மகாபலிபுரத்துக்கு வெளியே இருந்த ஒரு மரச்சாமான் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். முதலாளி சென்னைக்காரர். "இதுவரைக்கும் யாரும் உட்காராத மாதிரி ஒரு நாற்காலி வேணும்" என்று தினமும் காலையில் ஆரம்பிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மனுஷனுக்கு இருப்பது ஒரே முதுகு, அதை வைத்துக்கொண்டு புதுசாக எப்படி உட்காருவது? ஆனால் சில மாதங்களிலேயே அந்தக் கிறுக்கு எனக்கும் பிடித்துவிட்டது. கட்டுமரத் துண்டுகளில் புத்தக அலமாரி, சவுக்குக் கழியில் துணி மாட்டி என்று வரைந்து தள்ளினேன். கடலோர ரிசார்ட்டுகள் வாங்கிக்கொண்டன.

சதுரங்கப்பட்டினத்தில் இருந்த எங்கள் வீட்டில் மட்டும் ஒரு கயிற்றுக் கட்டிலும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும்தான். அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை, நைனாவுக்கு மூச்சு முட்ட ஆரம்பிக்கும்வரை. எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். மீன் வியாபாரம். புதுப்பட்டினம் மார்க்கெட்டுக்கு ஐஸ் பெட்டி தூக்கியே தோள் தேய்ந்த மனிதர், பீடி பிடித்தே நுரையீரலையும் தேய்த்துக்கொண்டார். ரெண்டாயிரத்துக்குப் பிறகு படுக்கவே முடியாமல் போயிற்று. "மல்லாக்கப் படுக்க வைக்காதீங்க, மூச்சு நின்னுடும். முன்னால சாய்ஞ்சு உட்காரட்டும்" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். இருமல் வந்து கண் செருகினால் பயப்பட வேண்டாம், மூச்சு மருந்து பம்ப்பை வாயில் வைத்து அடித்துவிட்டுக் கொஞ்சம் பொறுங்கள், திரும்பிவிடும் என்றும் சொன்னார். அப்படித்தான் பலமுறை திரும்பினார். ஆனால் சாய்ந்துகொள்ள ஒன்றும் இல்லை. ஒரு அண்டாவைக் கவிழ்த்து, அதன்மேல் தலையணை வைத்து, அதைக் கட்டிப்பிடித்தபடி தூங்குவார்.

ரிசார்ட்டுக்காரர்களுக்கு நூறு விதமாக வரைகிறவளுக்குப் பெற்ற தகப்பனுக்கு ஒன்று வரையத் தெரியாதா என்று ரோஷம் வந்தது. அவர் அண்டாவைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போதே மார்பு உயரமும் முழங்கை அகலமும் அளந்துகொண்டேன். சவுக்குக் கழியில் சட்டம். பழைய நைலான் வலையை நாலாக மடித்துக் கட்டிய இருக்கை, வேர்க்காமல் இருக்க. முன்பக்கம் மார்பு சாய ஒரு மெத்தைப் பலகை, அதில் முகம் புதைத்தாலும் மூச்சு விட ஒரு துளை. வலது பக்கம் பம்ப் வைக்க ஒரு பை, இடது பக்கம் எச்சில் டப்பாவுக்கு ஒரு வளையம். அதில் உட்கார்ந்த முதல் நாள் மத்தியானமே நைனா குறட்டை விட்டார். அந்தக் குறட்டையைக் கேட்டு நானும் அம்மாவும் அழுதோம். என் வாழ்க்கையில் நான் செய்த உருப்படியான ஒரே சாமான் அதுதான்.

முதலாளி அதன் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, படிக்கும் நாற்காலி என்று சொல்லி நாலு செய்யச் சொன்னார். எச்சில் டப்பா வளையத்தில் ஒயின் கிளாஸ் வைத்துப் படம் எடுத்தார்கள். அந்த வளையம் எதற்கு என்று சம்பளம் தருகிறவரிடம் சொல்ல முடியுமா?

நைனாவுக்கு அப்போது வேறொரு கவலை. எங்கள் சனத்தில் கட்டிலிலோ நாற்காலியிலோ உயிர் போகக் கூடாது. போகிற மாதிரி தெரிந்ததுமே தரையில் இறக்கி, தெற்கே தலை வைத்துப் படுக்கப் போட்டு, வாயில் பால் ஊற்றுவார்கள். மரக்கட்டையில் போன உயிர் அந்தக் கட்டையைச் சுற்றிக்கொண்டே கிடக்கும் என்பார்கள்.

"எம்மா, இதுலயே உக்காந்துகினு பூட்டேன்னா இன்னா பண்றது? தரைல தாம்மா போவணும்."

"தரைல படுத்தா மூச்சு நின்னுடும் நைனா."

"அதுக்குத்தான் உன்னாண்ட சொல்றேன். நீதான் இன்னா இன்னாமோ பண்றியே."

அவர் கேலியாகத்தான் சொன்னார். நான் அதை ஆர்டராக எடுத்துக்கொண்டேன். பட்டறையில் வேலை முடிந்து மற்றவர்கள் போன பிறகு உட்கார்ந்து வரைந்தேன். கால் இல்லை, இருக்கையும் இல்லை. முதுகுக்கும் இரண்டு கைக்கும் மார்புக்கும் மட்டும் சட்டம். உட்காருகிற இடம் வெறும் சிமென்ட் தரை. அவர் பூமியில்தான் இருப்பார், ஆனால் நிமிர்ந்து இருப்பார். வீட்டுக்குக் கொண்டுவந்து உட்கார வைத்தபோது, நைனா இரண்டு பக்கமும் உள்ளங்கையால் தரையைத் தட்டிப் பார்த்தார். "இது தரைதான்" என்று சிரித்தார். அம்மாவும் தட்டிப் பார்த்து ஒத்துக்கொண்டாள். அதோடு அந்தப் பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன்.

அன்றைக்கு நான் மகாபலிபுரத்தில் ஒரு ரிசார்ட்டில் விளக்கு மாட்டிக்கொண்டிருந்தேன். வரவேற்பறைக்கு போன் வந்தது. பஸ் பிடித்து வீட்டுக்குப் போனபோது வாசலில் ஷாமியானா போட்டுவிட்டிருந்தார்கள். என் சட்டத்தை வெளியே மணலில் வீசியிருந்தார்கள். வந்தவர்கள் அதில் துண்டும் பையும் மாட்டியிருந்தார்கள். உள்ளே நைனா மல்லாக்கக் கிடந்தார். எத்தனை மாதம் கழித்து அவரை அப்படிப் பார்க்கிறேன்!

நடந்ததை அம்மாதான் சொன்னாள். நைனாவின் அண்ணன், என் பெரியப்பா, மத்தியானம் மீன் கொடுக்க வந்திருக்கிறார். அந்த நேரம் பார்த்து நைனாவுக்கு இருமல் வந்து கண் செருகியிருக்கிறது. வழக்கமாக வருவதுதான். ஆனால் பெரியப்பா அதை முன்னே பின்னே பார்த்ததில்லை. போகுது போகுது என்று கத்தித் தெருவையே கூட்டிவிட்டார். அம்மா பம்ப்பை விட்டுவிட்டு என் சட்டத்தை இழுத்து வந்திருக்கிறாள்.

"உங்க பெரிப்பா வுடல. கூண்டுல வெச்சா என் தம்பிய அனுப்புவ? கட்டையே படக்கூடாது, கீழ போடுன்னாரு. அவரு சொல்றதும் நாயந்தானே? நாலு பேரு புடிச்சிப் படுக்கப் போட்டாங்க. உங்க நைனாக்குப் போவ மனசே இல்லடி. எயுந்து எயுந்து வந்தாரு. தோள அமுக்கிப் புடிச்சிகினாங்க. நா பால் ஊத்துனேன். மொத வாய் வெளிய வந்துடுச்சி. ரெண்டாவது வாய் உள்ள போச்சி. அதோட அடங்கிட்டாரு."

போக மனசில்லாமல் எழுந்தாராம். மூச்சுக்காக எழுந்திருக்கிறார். அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அழுது வீங்கியிருந்தாலும் அதில் ஒரு நிம்மதி இருந்தது. சுற்றி இருந்தவர்கள், நல்ல சாவு, தரையில் பெண்டாட்டி கையால் பால் குடித்துப் போன புண்ணியவான் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். பெரியப்பா எல்லோருக்கும் டீ சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சட்டையைப் பிடித்து, கொன்றுவிட்டாயே என்று கத்த வாய் வரை வந்தது. கத்தினால் அவரை மட்டும் சொன்னதாக ஆகாது. பால் ஊற்றிய கை யாருடையது?

வெளியே போய்ச் சட்டத்தில் மாட்டியிருந்த துண்டுகளை எடுத்துக் கீழே போட்டேன். அதற்கு மட்டும்தான் எனக்குத் துணிச்சல் இருந்தது.

காரியம் எல்லாம் முடிந்து ஒரு நாள், நான் வேலைக்குக் கிளம்பும்போது அம்மா கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஏம்மா, நீ அவ்ளோ கஷ்டப்பட்டுப் பண்ணத வெளிய போட்டுட்டோம்னு உனக்குக் கோவம். அதுலயே உக்கார வெச்சிருந்தா இன்னும் கொஞ்ச நாளு இருந்திருப்பாரா?"

"இல்லம்மா. அன்னிக்கே போற உசுருதான் அது."

"நா ஊத்துன பாலு அவருக்கு நல்லதுதானே?"

"நல்லதுதாம்மா" என்றேன். அம்மா கையை விட்டாள்.