ரேடியேட்டரில் உப்புத் தண்ணீர்

அம்பாசடர் காரின் ரேடியேட்டர் மூடியைத் திறந்து, விளிம்பு வரை நின்ற தண்ணீரில் விரலை நனைத்து நாக்கில் வைத்தேன். கரித்தது. இரவு ஷிப்டு முடித்துப் போகிறவர்களும் காலை ஷிப்டுக்கு வருகிறவர்களும் மில் வாசலில் கலந்து நின்ற நேரம் அது. அத்தனை பேர் பார்க்க நான் துப்பினேன். நாக்கில் பட்டது ஒரு துளிதான். துப்ப வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் எல்லோருக்கும் தெரியும்படி துப்பினேன். எனக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. அந்த மில்லில் என்னோடு வேலை பார்த்தவர்களில் பாதிப் பேரின் முகம் மறந்துவிட்டது. அன்று நான் துப்பியது மறக்கவில்லை.

எண்பதுகளின் நடுவில் அருப்புக்கோட்டையை ஒட்டிய ஒரு நூற்பாலையில் பஞ்சு கொள்முதல் அதிகாரியாக இருந்தேன். வேதியியலில் முதுகலைப் பட்டம் வாங்கியவன் என்பது எனக்கு எப்போதும் நினைவில் இருக்கும்; மற்றவர்களுக்கும் நினைவூட்டிக்கொண்டே இருப்பேன். மாசி, பங்குனியில் திருச்சுழி, நரிக்குடிப் பக்கம் கரிசல் காடுகளுக்குப் போய்ப் பருத்தி பார்த்து வரவேண்டும். அதற்காக மில் ஒரு பழைய அம்பாசடரையும் ஒரு டிரைவரையும் கொடுத்திருந்தது. டிரைவர் பாளையம்பட்டிக்காரர், என்னைவிட நாலைந்து வயது இளையவர். அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. எந்த மில், யார் யார் என்பது தெரியாதபடி சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன்.

எங்கள் பக்கம் தண்ணீர் என்று சும்மா சொன்னால் போதாது. நல்ல தண்ணியா, உப்புத் தண்ணியா என்று அடுத்த கேள்வி வரும். கிணற்றிலும் போரிலும் வருவது உப்புத் தண்ணீர். குடிக்கிற நல்ல தண்ணீர் எங்கிருந்தோ லாரியில் வரும். மழை பொய்த்த அந்த வருடங்களில் லாரி வருவதும் குறைந்துபோனது. பெண்கள் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுப் பாதி நாள் காத்திருப்பார்கள். அப்படிப்பட்ட காலத்திலும் மில் காருக்குத் தினம் ஒரு கேன் நல்ல தண்ணீர் ஒதுக்கச் செய்திருந்தேன். உப்புத் தண்ணீர் ரேடியேட்டரின் குழாய்களில் படிந்து அடைத்துவிடும் என்று காரணத்தோடு எழுதி, ஸ்டோர் அறைச் சுவரில் ஒட்டவும் வைத்திருந்தேன். அது சரியான காரணம்தான். அதை எழுதிய பெருமை எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

அந்தப் பங்குனியில் காரில் தண்ணீர் குறையத் தொடங்கியது. தினமும் அல்ல. மூன்று நாள் ஒன்றும் ஆகாது. நாலாம் நாள் பாதி ரேடியேட்டர் காலியாக இருக்கும். காரை நிறுத்தின இடத்தில் ஒரு சொட்டு ஈரம் இருக்காது. டிரைவர் முதலில் ரப்பர் குழாய்களை மாற்றினார், பிறகு மூடியை மாற்றினார். மெக்கானிக்கிடம் கொண்டுபோனோம். அவர் அரை மணி நேரம் என்ஜினை ஓடவிட்டுப் பார்த்துவிட்டுச் சலித்துக்கொண்டார்.

"ஒழுகுற வண்டியக் கொண்டாங்க சார், பாக்குறேன். ஒழுகாத வண்டியக் கொண்டாந்து ஒழுகுதுன்னா நான் என்னத்தப் பாக்க?"

டிரைவர் விடவில்லை. ஒரு நாள் குழாய் மூட்டுகளையெல்லாம் துணியால் துடைத்துவிட்டு விபூதியைத் தூவிக்கொண்டிருந்தார். வாட்ச்மேன் வந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன மாப்ளே, வண்டிக்குப் பேய் பிடிச்சிருக்கா? வேப்பிலை வேணும்னா ஒடிச்சாரவா?"

"ஏலே, சும்மா கெட. ஈரம் பட்டா விபூதி கறுக்கும். எங்கன கறுக்குன்னு பாத்தா எங்கன ஒழுகுதுன்னு தெரியும்ல."

விபூதி எங்கும் கறுக்கவில்லை. திருச்சுழி தாண்டிப் போகும்போது ஒரு நாள் அவரே சொன்னார்: "டவுனுக்குள்ள ஓட்டுனா ஒண்ணும் ஆகல சார். இப்படித் தூரமா வந்து சூடு ஏறுனாத்தான் போகுது. சூட்டுல பட்டு ஆவியாப் போயிருது. அதான் ஈரம் தெரியல."

"ஆவியாகப் போனாலும் ஒரு தடம் வேண்டாமா? தடமே இல்லாமல் எப்படி ஒழுகும்? உன் ஒழுக்கு லீவு போட்டுவிட்டு வருமோ?" என்றேன். அவர் சிரிக்கவில்லை. சிறிது தூரம் போனபின், "தடந்தான் சார் வேணும்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அந்தச் சொல்லை அவர் எவ்வளவு தூரம் மனத்தில் வாங்கிக்கொண்டார் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஸ்டோர் கீப்பர் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். "தண்ணி ஒழுகலை சார், போகுது. நாலு நாளா அந்தக் கேன் சைக்கிள்ல பாளையம்பட்டிக்குப் போயிட்டு வருது. வாட்ச்மேனும் பாத்திருக்கான். வீட்ல நல்ல தண்ணிய எறக்கிட்டு உப்புத் தண்ணியக் கொண்டாந்து ஊத்துறாரு," என்றார். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டதுபோல் இருந்தது. ஈரமே காட்டாத ஒழுக்கு, சில நாள் வந்து சில நாள் வராத ஒழுக்கு, எல்லாவற்றுக்கும் ஒரே பதில். அந்தப் பதில் கிடைத்ததில் எனக்கு உள்ளூர மகிழ்ச்சி இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மறுநாள் காலைதான் ரேடியேட்டரில் விரலை விட்டேன்.

"ஏம்ப்பா, நல்ல தண்ணி எங்கே?" என்று சத்தமாகக் கேட்டேன்.

"உங்க ரூம் பானையில ஊத்திட்டேன் சார்."

"சார் ரூம் பானையா, உங்க வீட்டுப் பானையா? தெளிவாச் சொல்லுப்பா," என்றார் ஸ்டோர் கீப்பர். கூட்டம் சிரித்தது.

டிரைவர் அவரைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தார். "வீணாக்கக் கூடாதேன்னு உங்க பானையிலதான் சார் ஊத்துனேன். நீங்கதான அன்னைக்குத் தடம் வேணும்னு சொன்னீக? நல்ல தண்ணி தடம் வைக்காது சார். எங்க தெருக் கெணத்துத் தண்ணி காஞ்சா வெள்ளையாப் பூக்கும். நாலு நாளா அதைத்தான் ஊத்தி ஓட்டுறேன். ஞாயித்துக்கெழமை என்ஜினுக்குப் பின்னாடி கழட்டிப் பாத்தா உப்பு காட்டிக் குடுத்துரும்."

உப்பு நீர் ஆவியானால் உப்பு மிஞ்சும். பள்ளிக்கூடப் பாடம் அது. "வேதியியல் படித்தவனுக்கு நீ உப்பைப் பற்றிப் பாடம் நடத்துகிறாயா? சாவியைக் கொடு," என்றேன். வாசலிலிருந்து என் அறை முப்பது அடி தூரம் இருக்கும். நடந்துபோய்ப் பானையைத் திறந்து பார்த்திருக்கலாம். போகவில்லை. அவர் சாவியை என் கையில் தரவில்லை. பானெட்டின் மேல் வைத்துவிட்டு, மூடாமல் கிடந்த ரேடியேட்டரை மூடிவிட்டுப் போனார். தெருவில் இறங்கியவரை யாரோ பின்னாலிருந்து, நான் கேட்ட கேள்வியையே பிடித்துக்கொண்டு, "ஏலே நல்லதண்ணி!" என்று கூப்பிட்டார்கள். மறுபடியும் சிரிப்பு.

அன்று மதியம் என் அறைப் பானை கழுத்துவரை நிறைந்திருந்தது. ஒரு டம்ளர் மொண்டு குடித்தேன். நல்ல தண்ணீர். பெருக்குகிற அம்மா ஊற்றியிருப்பார் என்று நினைத்தேன். உண்மையில், அப்படி நினைத்துக்கொள்வது என்று முடிவு செய்தேன். மாலைக்குள் டிரைவரை வேலையிலிருந்து நீக்கச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டேன். மேலிடத்தில் என்னைப் பாராட்டினார்கள்.

புது டிரைவர் வந்தார். ரேடியேட்டரைக் கழுவி நல்ல தண்ணீர் நிரப்பினோம். ஒரு மாதம் போவதற்குள் நரிக்குடியிலிருந்து திரும்பும் வழியில் என்ஜின் கொதித்து நின்றுவிட்டது. கட்டி இழுத்து வந்தோம். அதே மெக்கானிக் இந்த முறை என்ஜினையே இறக்கினார். கொஞ்ச நேரத்தில் என்னைக் கூப்பிட்டார். என்ஜினின் பின்புறம், கை நுழையாத இடத்தில், தண்ணீர் அறையை அடைத்திருக்கும் தகட்டு மூடி ஒன்று துருப்பிடித்து ஊசித் துளை விழுந்திருந்தது. துளையிலிருந்து கீழ்வரை வெள்ளையாக ஒரு கோடு, சுண்ணாம்பால் இழுத்ததுபோல.

"சூடானாத்தான் சார் இது பீச்சும். சில நேரம் துருவே அடைச்சுக்கும், அன்னைக்கு ஒழுகாது. ஆனா பாருங்க, யாரோ விவரமான ஆளு உப்புத் தண்ணி ஊத்தி ஓட்டியிருக்கான். இந்தக் கோடு இல்லேன்னா எனக்கே ஓட்டை தெரிஞ்சிருக்காது. யாரு சார் அது?"

வண்டி எப்போது கிடைக்கும் என்று கேட்டுப் பேச்சை மாற்றினேன். மில்லிலும் சொல்லவில்லை. பழுது கண்டுபிடிக்கப்பட்டுச் சரிசெய்யப்பட்டது என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தேன். நான் தவறு செய்துவிட்டேன் என்று இன்னொரு வரி எழுதியிருந்தால் அவருக்கு வேலை திரும்பக் கிடைத்திருக்கும். அதற்கு அத்தனை பேர் முன்னால் நான் துப்பியதை நானே நக்கவேண்டும் என்று தோன்றியது. எழுதவில்லை. இதற்குமேல் அதில் விளக்க ஒன்றும் இல்லை.

ஒரே ஒரு முறை பாளையம்பட்டிக்குப் போனேன். அவரிடமாவது சொல்லிவிடலாம் என்றுதான். முக்குக் கடையில் பெயர் சொல்லி வீட்டைக் கேட்டேன். கடைக்காரருக்குச் சட்டென்று பிடிபடவில்லை. மில்லில் கார் ஓட்டியவர் என்றதும், "யாரு, நல்லதண்ணியா? அந்தா, அந்த ஓட்டு வீடு," என்று கை நீட்டினார். நான் வைத்த பெயர் அவருடைய சொந்தப் பெயருக்கு முன்னால் போய் நின்றுவிட்டது. ஒரு சோடா குடித்துவிட்டு அடுத்த டவுன் பஸ்ஸில் ஏறி வந்துவிட்டேன்.

தொண்ணூறுகளின் கடைசியில், ஓய்வு பெறும் தறுவாயில், ஒரு பட்டா விஷயமாகத் திருச்சுழி போயிருந்தேன். உள்கிராமத்துக்குப் போக வண்டி வேண்டியிருந்தது. ஸ்டாண்டில் இருந்தவர், "நல்லதண்ணி அண்ணன் வண்டியில போங்க. அவுக பதனமா ஓட்டுவாக," என்றார். திரும்பினால் அவர் நிற்கிறார். தலை நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார். "வாங்க சார், போவோம்," என்று வேன் கதவைத் திறந்துவிட்டார்.

வழியில் ஒரு கண்மாய்க்கரையில் நிறுத்தச் சொன்னேன். தகட்டு மூடி, வெள்ளைக் கோடு, பானை, எல்லாவற்றையும் சொன்னேன். என் அறியாமையைச் சொன்னேன். அறிந்தபின் வாய் திறக்காமல் இருந்ததையும் சொன்னேன். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"பின்னாடி மூடிதான்னு எனக்கு அப்பவே சந்தேகம் சார்," என்றார். பிறகு, "ரெண்டு வருசம் எந்த மில்லும் சேக்கல. செங்கல் சூளையில டிராக்டர் ஓட்டுனேன். போற எடமெல்லாம் அந்தப் பேரு எனக்கு முந்திப் போயி நிக்கும். அடிச்சும் பாத்தேன், அழுதும் பாத்தேன். போகல. சரி, பேருக்கு ஏத்த மாதிரி இருந்துட்டுப் போவோம்னு எந்த வண்டி ஓட்டுனாலும் ஒரு கேன் நல்ல தண்ணி வச்சுக்கிட்டேன். ரோட்டுல தாகம்னு யாரு கைகாட்டுனாலும் குடுப்பேன். இப்ப அதுக்காக வந்த பேருன்னுதான் எல்லாரும் நெனைக்காக," என்றார்.

"உண்மையை நான் எல்லோரிடமும் சொல்கிறேன். எழுத்தில் வேண்டுமானாலும் தருகிறேன்," என்றேன்.

அவர் முகம் மாறியது. "வேண்டாம் சார். மகளை நரிக்குடிப் பக்கம் குடுத்திருக்கேன். சம்பந்தி வீட்ல என்னை மதிக்கிறதே இந்தப் பேரை வச்சுத்தான். நான் திருடலைன்னு நீங்க இப்பப் போயிச் சொன்னா, திருட்டுப் பட்டம் கட்டுன கதை ஒண்ணு இருந்துச்சுன்னு அவுகளுக்குத் தெரிஞ்சு போகும். சொல்ல வேண்டிய நேரத்துல சொல்லல. இனிமே சொல்லாம இருங்க. அது போதும்."

சென்ற ஆண்டு அவர் காலமானார். செய்தி கேட்டுப் போனேன். சுவரில் ஒட்டியிருந்த அஞ்சலிச் சுவரொட்டியில் அவருடைய பெயருக்கு முன்னால் அந்தப் பட்டப்பெயரைப் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். மருமகன் வந்து எனக்கு நாற்காலி போட்டார்.

"மாமாவுக்கு நீங்க எப்படிப் பழக்கம்?"

"மில்லில் ஒன்றாக வேலை பார்த்தோம்," என்றேன்.

"அப்படியா! அப்ப உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். மாமாகிட்ட எத்தனையோ தடவை கேட்டிருக்கேன், சிரிச்சுக்கிட்டே போயிருவாக. இந்தப் பேரை அவுகளுக்கு மொதமொத யாரு வச்சது?"

அழுகைச் சத்தத்துக்கு நடுவில் அவர் பதிலுக்காகக் குனிந்து காது கொடுத்தார். என் வாய்வரை வந்தது.

"ஊர்க்காரங்கதான்," என்றேன்.