சந்தை நாளில் பிறந்தவர்கள்

பேருந்து நிற்பதற்குள் மக்லோவியா குதித்துவிடுவாள். ஓட்டுநர்கள் திட்டிப் பார்த்து ஓய்ந்துவிட்டார்கள். ஒரு கையில் பிளாஸ்டிக் பை. அதற்குள் காகிதங்களாக யார் யாருடைய பிறப்போ இறப்போ. இன்னொரு கையில் பாதி கடித்த பூப்பூஸா ரொட்டி. நகராட்சி அலுவலகத்தின் படியேறி முடிப்பதற்குள் வாயிலிருப்பதை விழுங்கி, கையைப் பாவாடையில் துடைத்து, வணக்கமும் சொல்லியிருப்பாள். நாற்காலியைக் காட்டினால் உட்கார மாட்டாள். "உக்காந்துட்டா மறந்துருவாங்க" என்பது அவள் சித்தாந்தம். நிற்கும்போதும் வலது பாதம் தரையைத் தட்டிக்கொண்டே இருக்கும். அந்தத் தட்டலைக் கேட்டு எரிச்சலடையாத எழுத்தர் அந்த மாவட்டத்தில் இல்லை.

காபித் தோட்டங்களில் ஓர் எறும்பு உண்டு. இலையை நறுக்கித் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஓடும். அதற்கு நிற்கத் தெரியாது. அதன் பெயரையே இவளுக்கு வைத்துவிட்டார்கள். எறும்பக்கா என்று முகத்துக்கு நேரேதான் கூப்பிடுவார்கள். "கூப்பிடு, கூப்பிடு. கடிச்சாத் தெரியும்" என்பாள்.

அவள் தொழில், பதிவேடுகளில் மனிதர்களைத் தேடுவது. அலுவலகப் படியேற அஞ்சுகிறவர்களுக்காக அவள் ஏறுவாள். உள்நாட்டுப் போருக்குப் பயந்து ஊர் ஊராக ஓடியதில் தாங்கள் பிறந்ததற்கே சாட்சி இல்லாமல் போனவர்கள் அந்த மலைகளில் ஏராளம். சண்டையில் பல ஊர்களின் நகராட்சி அலுவலகங்கள் தீக்கு இரையாயின. போர் ஓய்ந்து சில வருடங்களாகியும் எழுத்தர்களின் வாயில் அந்தத் தீ அணையவில்லை. எதைக் கேட்டாலும் "எரிஞ்சுபோச்சு." தீயே காணாத ஊரிலும் அலமாரிச் சாவியைத் தேடச் சோம்பலாக இருந்தால் எரிஞ்சுபோச்சு. காகிதம் எரிந்ததால் மனிதன் பிறக்கவே இல்லை என்று சொல்ல ஓர் அரசாங்கத்தால் மட்டுமே முடியும்.

தொலைந்ததைக் கண்டுபிடித்துத் தரும் புனித அந்தோணியாருக்கு ஏற்றவென்று மெழுகுவர்த்தியோடு வருகிறவர்களிடம் அவள் கையை நீட்டுவாள். "அவருக்கு எதுக்குத் தொந்தரவு? எங்கிட்டக் குடு. அலுவலகத்துப் பின்கட்டு கும்மிருட்டு, எனக்காவது உதவும்." அப்படி வாங்கிய மெழுகுவர்த்திகள் அவள் பையில் எப்போதும் குறைந்தது இரண்டு கிடக்கும்.

கத்தலீனோ அவளைத் தேடி வந்தது அறுவடைக்குப் பிந்தைய ஒரு வியாழக்கிழமை. அறுபது வயது. ஓலைத் தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே பேசினார். அவரும் ரொசவுராவும் முப்பது வருடமாக ஒரே கூரையின் கீழ் வாழ்கிறார்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பாதிரியாருக்குக் கொடுக்கப் பணமில்லை, அவருக்குப் பிறப்புச் சான்றும் இல்லை, யாரும் கேட்கவுமில்லை. இப்போது ரொசவுராவுக்கு ஈரல் கெட்டுப்போய், இனிச் செய்வதற்கொன்றுமில்லை என்று மருத்துவமனை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. வீடும் அரை ஏக்கர் சோளக்கொல்லையும் அவள் பெயரில். அவள் தம்பி ஃபெர்மீன் கயிறு கொண்டுவந்து முற்றத்தை அளந்துவிட்டுப் போயிருக்கிறான், அவள் படுக்கையிலிருந்து பார்க்கும்படியாக.

அவள் கண் மூடுவதற்குள் மணந்துகொண்டால் வீடு கத்தலீனோவுக்கு. இல்லையென்றால் தெரு. கூடி வாழ்ந்ததை நிரூபிக்க நீதிமன்றம் போகலாம்தான். தீர்ப்பு வருவதற்குள் அந்த முற்றத்தில் ஃபெர்மீனின் மாடு கன்று ஈன்றிருக்கும். மேயரே கல்யாணத்தைப் பதிவு செய்துவைக்கலாம். அதற்கு இருவரின் பிறப்புப் பதிவும் வேண்டும். ரொசவுராவினுடையது இருக்கிறது.

"நீங்க எங்க பொறந்தீங்க அண்ணே?"

"சான் கசிமிரோவுலதான் தாயி. என் தொப்புள்கொடிய எங்கப்பா அங்க அத்தி மரத்தடியில பொதைச்சாரு. மரம் இன்னும் நிக்குது."

மறுநாள் காலை சான் கசிமிரோ எழுத்தர் நெஃப்தாலி, தலையைத் தூக்காமலே சொன்னான்: "எரிஞ்சுபோச்சு."

"எது தம்பி எரிஞ்சுச்சு? முன்கட்டா, பின்கட்டா?"

"அக்கா, இன்னைக்கு வெள்ளிக்கெழம. என்னைய நிம்மதியா விடேன்."

"விடறேன். சாவியக் குடு, விட்டுடறேன்."

அவள் மெழுகுவர்த்தியோடு பின்கட்டுக்குள் போனாள். ஓரம் கருகிய பதிவேடு ஒன்றைத் தூக்கிக்கொண்டு இருமியபடி வெளியே வந்தாள். கத்தலீனோ பிறந்த வருடத்துப் பதிவேடு அதுதான், எரியவில்லை. முதலிலிருந்து கடைசிவரை பார்த்தாயிற்று. கத்தலீனோதான் அதில் இல்லை.

"பொறக்காமலே அறுபது வருஷத்த ஓட்டிட்டாரு பெருசு" என்றான் நெஃப்தாலி. பிறகு குரலைத் தாழ்த்தி, "நேத்து ஃபெர்மீன் வந்தான். அக்கா செத்தா வீட்ட மாத்திக்க என்னென்ன கொண்டாரணும்னு கேட்டுட்டுப் போனான்."

கூட வந்திருந்த கத்தலீனோவின் கையில் சுற்றிக்கொண்டிருந்த தொப்பி நின்றது. மக்லோவியா தன் நெற்றியில் படீரென்று அடித்துக்கொண்டாள். அவசரத்தில் கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்டுவிட்டாள். இத்தனை வருடம் இதே வேலையாக அலைந்தவளுக்கு இது தெரியாதா? அந்த மலைக்காரர்களிடம் எங்கே பிறந்தாய் என்றால், தொப்புள்கொடி புதைத்த இடத்தைத்தான் சொல்வார்கள். பொய்யில்லை. ஆனால் பெயரை அங்கே யார் புதைத்தார்கள்? ஒரு குழந்தையைப் பதிவதற்கென்று எந்த அப்பனும் மலையிறங்கியதில்லை. மக்காச்சோளம் விற்கச் சந்தைக்கு வரும்போது, காசு கைக்கு வந்த பின்னும் சாராயக் கடைக்குப் போவதற்கு முன்னும் கிடைத்த சிறு இடைவெளியில் அலுவலகத்தில் நுழைந்து பெயரைச் சொல்லிவிட்டுப் போவான். எங்கே சோளமோ அங்கேதான் பெயர்.

"அண்ணே, உங்கப்பா சோளத்த எங்க வித்தாரு?"

"அகுவா சார்க்காவுல, ஞாயித்துக்கெழமச் சந்தையில. அது எதுக்குத் தாயி இப்ப?"

பதிலுக்கு ஆளில்லை. அவள் தெருமுனையில் பேருந்தை மறித்துக்கொண்டிருந்தாள்.

அகுவா சார்க்காவில் எழுத்தரம்மா சாப்பிடப் போயிருந்தார். மக்லோவியா தாழ்வாரத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். நடுவில் ஒருமுறை சன்னல் கம்பியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். "உக்காரு தாயி, எனக்குத் தலை சுத்துது" என்று கத்தலீனோ கெஞ்சினார். "ரொசவுரா அக்காவுக்கு மூச்சு வாங்குது, நான் உக்காரவா?" என்று அடுத்த நடைக்குக் கிளம்பினாள்.

பதிவேடு வந்தது. அவர் பிறந்த வருடத்தில் இல்லை. அடுத்த வருடத்தைத் திறக்கச் சொன்னாள். காரணம் உண்டு. பிறப்பைத் தாமதமாகப் பதிந்தால் அபராதம். ஆகவே எப்போது பிறந்த பிள்ளையானாலும் "போன வாரம் பொறந்துச்சுங்க" என்பான் அப்பன். அந்தப் பதிவேடுகளை நம்பினால், மலைக்காரர்கள் எல்லோரும் சோளம் விற்கிற மாதங்களில்தான் பிறந்திருக்கிறார்கள். மழைக்காலத்தில் ஒரு பெண்ணுக்கும் வலி எடுத்ததில்லை. அபராதம் விதித்தவர்களுக்கு இது தெரியாதா? தெரியும். ஏழையைப் பொய் சொல்ல வைப்பதும், பிறகு அந்தப் பொய்யைக் காட்டியே அவனைச் சந்தேகிப்பதும் சட்டத்துக்கு ஒரு பழக்கம்.

ஜனவரியில் இருந்தார் கத்தலீனோ. எழுத்தரம்மா உரக்கப் படித்துவிட்டு, சான்று அடிக்கத் தட்டச்சில் தாளைச் சுற்றினார்.

"அது நான் இல்லீங்க" என்றார் கத்தலீனோ.

தட்டச்சு நின்றது.

"நான் பொறந்தது நல்ல மழையில. ஆத்துல வெள்ளம் வந்து மருத்துவச்சி அக்கரையிலயே நின்னுட்டாளாம். எங்கம்மா சாகுற வரைக்கும் சொல்லுவாங்க. ஜனவரியில ஏது வெள்ளம்? அடுத்தவன் பேர்ல கல்யாணம் பண்ணிக்க மாட்டேன் நான்."

எழுத்தரம்மா தாளை உருவத் தொடங்கினார். மக்லோவியா அந்தக் கையின் மேல் தன் கையை வைத்தாள்.

"உங்கப்பா பேரு என்ன அண்ணே?"

"யூசெபியோ."

"அம்மா?"

"பெத்ரோனா."

"இதுல என்ன இருக்கு, சொல்லுங்கம்மா."

"யூசெபியோ. பெத்ரோனா. சான் கசிமிரோ மலைக்காரங்கன்னு போட்டிருக்கு."

"அப்ப இது யாரு, உங்க நெழலா?" மக்லோவியாவின் குரல் ஏறியது. "உங்கம்மாவுக்கு நீங்க வெள்ளத்துல பொறந்தீங்க. அரசாங்கத்துக்கு, சோளம் வித்த அன்னைக்குப் பொறந்தீங்க. ரெண்டையும் வச்சுக்குங்க, வருஷத்துக்கு ரெண்டு பொறந்தநாளு, ரெண்டு தடவ தமால் திங்கலாம். ஆறு மாசம் எளசா வேற ஆயிட்டீங்க, மாப்பிள்ளைக்கு நல்லதுதானே?"

எழுத்தரம்மா சிரித்துவிட்டார். தட்டச்சு மறுபடி ஓடியது. கத்தலீனோ சிரிக்கவில்லை. "எங்கப்பா என் பேர எழுதி வச்சுட்டுத்தான் போயிருக்காரா" என்று தனக்குள் ஒருமுறை சொல்லிக்கொண்டார்.

சான் கசிமிரோவுக்குத் திரும்பும்போது மேயர் வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "திங்கக்கெழம பாப்போம்மா."

"சரிங்க ஐயா. அத நீங்களே வந்து ரொசவுரா அக்காகிட்டச் சொல்லிருங்க. திங்கக்கெழம வரைக்கும் மூச்சு விட்டுட்டு இருன்னு."

சொன்னவள் கல்யாணப் பதிவேட்டை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்துவிட்டாள். பதிவேடு போன பிறகு மேயர் என்ன செய்வார்? பின்னால் போனார். முத்திரையையும் மைப்பெட்டியையும் தூக்கிக்கொண்டு நெஃப்தாலி போனான்.

ரொசவுரா வீட்டு வேலிப் படலருகே ஃபெர்மீன் நின்றிருந்தான். "சாவு வீட்டுல கல்யாணமா? வெக்கமா இல்ல?"

"இன்னும் சாவல. ஊருலயே நாந்தான் அவசரக்காரின்னு நெனச்சேன், நீ என்னையவே மிஞ்சிட்டியேடா" என்று அவனை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

ரொசவுராவுக்குத் தலை வாரிவிட்டிருந்தார்கள். கண்ணெல்லாம் மஞ்சள். கத்தலீனோவைக் கணவராக ஏற்கச் சம்மதமா என்று மேயர் கேட்டார். அவள் மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னாள்: "முப்பது வருஷமா அந்த மனுசனுக்கு ரொட்டி தட்டுறேன். இப்பத்தான் கேக்கத் தோணுச்சா உங்களுக்கு?"

"சம்மதம்னு சொல்லணும்மா."

"சம்மதம். எழுதிக்கிடுங்க."

கையெழுத்துப் போட அவளுக்குத் தெம்பில்லை. நெஃப்தாலி அவள் கட்டைவிரலை மையில் ஒற்றி, தாளில் பதித்தான். மேயர் ஊதி உலர்த்திப் பதிவேட்டை மூடினார். கத்தலீனோ தொப்பியைத் தலையில் வைத்தார். பிறகு ஏதோ நினைத்து எடுத்துவிட்டார். படலருகே இப்போது யாருமில்லை.

கீழே சாலையில் கடைசிப் பேருந்தின் ஒலிப்பான் கேட்டது.

"எறும்பக்கா, உன் வண்டி!" என்றான் நெஃப்தாலி.

மக்லோவியா கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். பாவாடை நுனியைத் தண்ணீர்க் குவளையில் நனைத்து, ரொசவுராவின் கட்டைவிரல் மையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஒலிப்பான் மறுபடி அலறியது. அவள் அந்த விரலை வெளிச்சத்தின் பக்கம் திருப்பிப் பார்த்தாள். நகக்கண்ணில் இன்னும் கொஞ்சம் நீலம் இருந்தது. துணியை மறுபடி நனைத்துக்கொண்டாள்.