தண்ணிக் கோட்டுக்கு மேலே

எங்கள் தெருவில் எந்த வீட்டுக்கு வயரிங் வேலைக்கு வந்தாலும் எலக்ட்ரீஷியன் முதலில் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "தண்ணிக் கோட்டுக்கு மேலதானே?" முடிச்சூரில் அந்த டிசம்பர் வெள்ளம் வடிந்த பிறகு ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் பழுப்பாக ஒரு கோடு நின்றது. எத்தனை முறை பெயின்ட் அடித்தாலும் அடுத்த மழைக்கு மறுபடி முகம் காட்டும். அதற்குப் பிறகு வீட்டைச் சரிசெய்தவர்கள் எல்லாரும் சுவிட்ச் போர்டையும் பிளக் பாயின்டையும் அந்தக் கோட்டுக்கு மேலே ஏற்றிவிட்டார்கள். சில வீடுகளில் போனுக்கு சார்ஜ் போட ஸ்டூல் மேல் ஏற வேண்டும். புதிதாகக் குடிவருபவர்கள் ஒரு வாரம் சிரிப்பார்கள், பிறகு அவர்களும் ஸ்டூல் வாங்கிவிடுவார்கள்.

எங்கள் வீடு மட்டும் வெகுநாள் பழைய மாதிரியே இருந்தது. ரயில்வேயில் வேலை பார்த்த அப்பா கட்டிய வீடு. அப்பாவும் அம்மாவும் போன பிறகு அதில் நானும் அக்காவும் இருக்கிறோம். அக்காவுக்குச் சின்ன வயதில் போலியோ வந்து இரண்டு கால்களும் விளங்காமல் போயின. சக்கர நாற்காலியில்தான் அவள் நடமாட்டம். சாயங்காலத்தில் தெருப் பிள்ளைகளுக்குக் கணக்கு ட்யூஷன் எடுக்கிறாள். நான் மேற்குத் தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். நான் கல்யாணம் செய்துகொள்ளாததற்கு அக்காதான் காரணம் என்று உறவில் சொல்வார்கள். என் கோபத்தைத் தாங்க ஒரு ஆள் கிடைக்கவில்லை என்பதே உண்மை. அக்கா தாங்குகிறாள், அவளுக்கு வேறு வழியில்லை.

வீடு கட்டும்போதே அப்பா எல்லா சுவிட்சுகளையும் அக்காவின் கைக்கு எட்டுகிற உயரத்தில் வைத்துவிட்டார். ஹாலில் இருந்த மெயின் சுவிட்ச் கூட அப்படித்தான். கொத்தனாரிலிருந்து பெரியப்பா வரைக்கும் எல்லாரும் கேலி செய்தார்களாம். குள்ளர்கள் குடியிருக்கப் போகிறார்களா என்று கேட்டார்களாம். அவர் மசியவில்லை. அதனால் நான் வேலைக்குப் போய்விட்டாலும் அக்கா தன் பாட்டுக்கு ஃபேன் போடுவாள், லைட் போடுவாள், மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்புவாள். பகல் முழுக்க இந்த வீட்டை நடத்துவது அவள்தான். அது நடக்கும்வரைதான் நான் நிம்மதியாக வேலைக்குப் போக முடியும்.

வெள்ளம் வந்த அன்று நான் பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்டேன். அக்கா தனியாக இருந்தாள். தெருவுக்குக் கரண்டை நிறுத்துவதற்கு முன்பே தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிட்டது. கோடு என் மார்பளவு. எங்கள் போர்டுகளோ இடுப்பளவு. முதலில் மூழ்கியவை அவைதான். மறுநாள் நான் வந்து சேர்ந்தபோது எதிர்வீட்டு அண்ணனின் மொட்டைமாடியில் ஒரு போர்வைக்குள் அக்கா உட்கார்ந்திருந்தாள். அவர்தான் அவளைத் தோளில் தூக்கிப் போனவர். அவர்தான் மெயினையும் இறக்கியிருக்க வேண்டும் என்று நான் முடிவு செய்துகொண்டேன், அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அன்றிலிருந்து ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் நாங்கள் அனுப்புகிற பலகாரத் தட்டுகளில் அவர் வீட்டுத் தட்டுக்குத்தான் பெரிய கேக்.

ஆனால் கையில் பணமில்லாமல் அப்போது வயரிங்கை முழுதாக மாற்றவில்லை. சுவிட்சுகளைக் காயவைத்து, பீங்கான் ஃபியூஸ் கட்டைகளைத் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டோம். வயர்கள் சுவருக்குள்ளேயே ஊறிக் கிடந்தன. கொஞ்சம் கொஞ்சமாக வீடு ஷாக் அடிக்க ஆரம்பித்தது. அதோடு வாழவும் பழகிக்கொண்டோம். ஃப்ரிட்ஜ் முன்னால் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு நிரந்தரமாகக் கிடக்கும். ஹீட்டர் ஓடும்போது குழாயைத் தொடக் கூடாது. மழை நாளில் ஹால் சுவரில் சாயக் கூடாது. விருந்தாளி வந்தால் தண்ணீர் கொடுப்பதற்கு முன்பே இதையெல்லாம் சொல்லிவிடுவோம். ஏதோ முன்கோபக்காரப் பெரியவர் வீட்டில் இருப்பதைப் போல அந்தச் சுவர்களை அனுசரித்துப் போனோம்.

போன ஐப்பசி மழையில் அக்காவின் நாற்காலி ஃப்ரிட்ஜில் உரசியது. இரும்பு நாற்காலி. ஷாக் அடித்து அவள் தோள் வரைக்கும் தூக்கிப் போட்டது. நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன். அவள் கையை உதறிவிட்டு எறும்பு கடித்த மாதிரி இருந்தது என்றாள். நாளைக்கு நான் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது இது நடந்தால் என்ன ஆகும் என்பது ஒன்றே மனதில் ஓடியது. மே மாத விடுமுறை வந்ததும் சுவரை உடைத்து வயரிங்கை மாற்றிவிடுவது என்று தீர்மானித்தேன்.

எலக்ட்ரீஷியன் அனகாபுத்தூர்க்காரர், வேலை செய்யும்போது முணுமுணுவென்று பாடிக்கொண்டே இருப்பவர். வந்த முதல் நாளே அக்காவை அக்கா என்றும் என்னை மேடம் என்றும் கூப்பிட ஆரம்பித்தார். என் முகம் அப்படி. டெஸ்டரை வைத்து ஒவ்வொரு சுவராகத் தொட்டுப் பார்த்துவிட்டு, "மேடம், இத்த ஒட்டுப் போட்டு பிரயோஜனம் இல்ல. எர்த்தே செத்துப்போய் கீது. மொத்தமா உருவிட்டுப் புதுசா இழுத்துடலாம்" என்றார். அப்புறம் அந்தக் கேள்வியைக் கேட்டார். தண்ணிக் கோட்டுக்கு மேலதானே?

நான் ஆமாம் என்றேன். பக்கத்தில் நாற்காலியில் இருந்த அக்காவும் ஆமாம் என்றாள். இதை இப்போது எழுதும்போதும் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. அந்த வீட்டின் சுவிட்சுகள் ஏன் கீழே இருந்தன என்று எங்கள் இருவருக்கும் நன்றாகத் தெரியும். ஆனாலும் அந்த ஒரு நிமிடம் எங்கள் கண்ணுக்குத் தெரிந்தது தண்ணீர் மட்டும்தான். எங்கள் தெருவில் யாரைக் கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

சுவரெல்லாம் வெட்டி, புதுக் குழாய் பதித்து, வாசல் ஓரத்தில் குழி தோண்டி உப்பும் கரியும் கொட்டி எர்த் போட்டு முடித்தார்கள். வீடு பளிச்சென்று ஆனது. ஃப்ரிட்ஜை வெறும் கையோடும் வெறுங்காலோடும் தொட்டுப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை. அந்தச் சந்தோஷத்தில் இரண்டு முறை தொட்டேன். சுவிட்சுகள் எல்லாம் என் தலை உயரத்தில் வெள்ளைவெளேரென்று வரிசையாக இருந்தன. மெயின் பெட்டி அதற்கும் மேலே. அக்காவுக்காகப் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் இழுத்தால் நீளுகிற குச்சி ஒன்று வாங்கி, நுனியில் ரப்பர் மாட்டிக் கொடுத்தேன். அவள் அதை வைத்து ஃபேன் சுவிட்சை அழுத்தினால் லைட் அணையும், லைட்டைப் போட்டால் ஃபேனும் சேர்ந்து நிற்கும். விடுமுறை முடியும் வரை அதை ஒரு விளையாட்டாகவே வைத்துச் சிரித்தோம். போடவும் அணைக்கவும்தான் நான் பக்கத்தில் இருந்தேனே.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தது. ஒரு நாள் மீட்டிங் முடிந்து வர நேரமாகிவிட்டது. வானம் வேறு இருட்டிக்கொண்டு வந்தது. கேட்டைத் திறக்கும்போது எங்கள் வீடு மட்டும் இருட்டாக இருந்தது. கரண்ட் போயிருக்கும் என்று நினைத்தேன், ஆனால் எதிர்வீட்டில் டிவி ஓடும் சத்தம் கேட்டது. கதவைத் திறந்து கை உயர்த்தி லைட்டைப் போட்டேன். ஹால் நடுவில் அக்கா உட்கார்ந்திருந்தாள். கரும்பலகையில் பாதிக் கணக்கு நின்றிருந்தது. ட்யூஷன் பிள்ளைகள் யாரும் இல்லை.

குச்சி கட்டிலுக்குப் பின்னால் விழுந்துவிட்டதாம். இருட்டியதும் பிள்ளைகளை அனுப்பிவிட்டாளாம். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை பிள்ளைகள் இருந்தார்களே, ஒருத்தரிடம் சொன்னால் ஸ்டூல் போட்டு ஏறிப் போட்டிருக்க மாட்டார்களா என்று கத்தினேன். அக்கா நிதானமாக, "இத்தனை வருஷத்துல யார்கிட்டயும் எனக்கு லைட் போடுன்னு சொன்னதில்ல" என்றாள்.

நான் அடங்கவில்லை. வாயால் சொன்னாலே விளக்கு எரிகிற கருவியெல்லாம் வந்துவிட்டது, நாளைக்கே வாங்கி மாட்டுகிறேன் என்றேன். அதற்கு நெட் வேண்டும், அதுவும் நல்ல மூடில் இருக்க வேண்டும், உன்னை மாதிரி இன்னொன்று இந்த வீட்டுக்கு வேண்டாம் என்றாள். அப்படியானால் போர்டைக் கீழே இறக்கி மறுபடியும் தண்ணீரில் சாகப் போகிறாயா என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் அந்த வார்த்தை எனக்கே உறைத்தது.

"வெள்ளம் எப்பவோ ஒரு தடவை வருது. சாயங்காலம் தினமும் வருதே" என்றாள். பிறகு, "அன்னைக்கு மெயினை இறக்கினது யாருன்னு நினைச்சிட்டிருக்கே?" என்று கேட்டாள்.

எதிர்வீட்டு அண்ணன் என்றேன்.

"அவர் வந்தப்போ கரண்ட் போய் ரொம்ப நேரம் ஆச்சு. கதவு இடுக்குல தண்ணி வந்ததுமே நான் போய் இறக்கிட்டேன். காஞ்ச துண்டைக் கையில சுத்திக்கிட்டேன். எட்டிச்சு, இறக்கினேன். இப்ப இருக்கிற மாதிரி மேல இருந்திருந்தா அண்ணாந்து பாத்துட்டேதான் உக்காந்திருக்கணும்."

இத்தனை வருஷமாக ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். நான் அவர் கையைப் பிடித்து அழுதுகொண்டிருந்தேனாம், நடுவில் புகுந்து எப்படிச் சொல்வது என்று விட்டுவிட்டாளாம். அப்புறம் அவர் தூக்கிக்கொண்டு போனது நிஜம்தானே, கேக் கொடுப்பதில் தப்பில்லை என்றும் சொன்னாள்.

அன்று நான் சமைக்கவில்லை. ஊரெல்லாம் எத்தனை முறை அந்தக் கதையைச் சொல்லியிருப்பேன் என்று யோசித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். நான் சொன்ன கதையில் அக்கா எப்போதும் கட்டிலில் பயந்துபோய் இருப்பாள், யாராவது வந்து காப்பாற்றுவார்கள். அவள் சக்கரத்தைத் தானே உருட்டிக்கொண்டு ஹாலுக்குப் போனது அதில் கிடையாது. கீழே இருந்த போர்டுகள்தான் அவளைக் கொல்லப் பார்த்தன என்று இத்தனை காலம் நம்பியிருந்தேன். அவளைக் காப்பாற்றுகிறேன் என்று கிளம்பி, அவள் தன்னைக் காப்பாற்றிக்கொண்ட கைப்பிடியைத்தான் பிடுங்கி எட்டாத இடத்தில் வைத்திருக்கிறேன். பெருமையாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. கோபம் மட்டும் அதிசயமாக வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் சர்ச்சில் ஆராதனை முடிந்து வந்த பிறகு எலக்ட்ரீஷியன் வந்தார். புதுப் பூச்சை உடைக்க வேண்டும் என்றதும் அவருக்கு முகம் சுருங்கியது. "இன்னா மேடம், பெயின்ட் வாசனையே இன்னும் போவல" என்றார். அக்காதான் அவரிடம் பேசினாள். ஃப்ரிட்ஜ், ஹீட்டர், மோட்டாரின் பிளக்குகள் மேலேயே இருக்கட்டும். லைட், ஃபேன் சுவிட்சுகளும் மோட்டாரின் சுவிட்சும் மட்டும் கீழே வரட்டும், அவற்றுக்குத் தனி லைன் இழுத்துவிடலாம். ஈரம் பட்டால் தானாகவே கரண்ட் நின்றுவிடுகிற டிரிப்பைப் போட்டு, மெயின் பெட்டியையும் தன் கைக்கு எட்டுகிற இடத்துக்கு இறக்கிவிட வேண்டும். அவர் தலையைச் சொறிந்தார், ஒரு அட்டையில் கோடு போட்டுப் பார்த்தார், முடியும் என்றார். மழை வலுத்தால் அந்தத் தனி லைனை முதலில் அணைத்துவிடச் சொன்னார். அதெல்லாம் எனக்குத் தெரியும் என்று அக்கா சொன்னாள்.

உயரம் எவ்வளவு என்று கேட்டு டேப்பை நீட்டினார். அக்கா அதைக் கண்டுகொள்ளவில்லை. சுவர் பக்கம் நாற்காலியைத் திருப்பி, தோள் வலிக்காத அளவுக்குக் கையை உயர்த்தி உள்ளங்கையைச் சுவரில் வைத்தாள். அவர் அந்த இடத்தில் பென்சிலால் கோடு போட்டார். ஹால், சமையலறை, அவள் அறை என்று ஒவ்வொரு இடமாக இருவரும் போனார்கள். நான் பின்னாலேயே போனேன். பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஒவ்வொரு கோட்டையும் தண்ணிக் கோட்டோடு என் கண் ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது.

கடைசியில் என் அறை. அவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, "இது மேடம் ரூம்தானே? இத்த மட்டும் மேலயே வுட்டுடலாமா?" என்று கேட்டார். ஒரு சுவராவது உடைபடாமல் தப்பட்டும் என்று நான் தலையாட்டப் போனேன்.

அதற்குள் அக்கா நாற்காலியை உருட்டி உள்ளே வந்துவிட்டாள். கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் கையை வைத்தாள்.

"இங்கயும் கீழதான். ராத்திரி இவளுக்கு ஜுரம் வந்தா லைட் போட்டுப் பாக்க வேண்டியது நான்தானே" என்றாள்.