அடிக்காமல் விட்ட எண்

நகராட்சி அலுவலகத்தில் அவரை எல்லோரும் 'புரூஃப் சார்' என்றுதான் கூப்பிடுவார்கள். சம்பளப் பட்டியலில் இருக்கும் பெயர் அவருக்கே மறந்துபோயிருந்தாலும் ஆச்சரியமில்லை. மாதாமாதம் வீடு வீடாகப் போடும் 'நகரச் செய்தி' என்ற நான்கு பக்கத் தாளில் பிழை பார்ப்பது அவர் வேலை. எந்தத் தெருவுக்கு எந்தக் கிழமை தண்ணீர், நீச்சல் குளம் என்றைக்குத் திறக்கும், கோடையில் குப்பை வண்டி எட்டு மணிக்குப் பதில் ஆறு மணிக்கே ஏன் வருகிறது, அடுத்து எந்தச் சாலையைத் தோண்டப் போகிறார்கள் என்பதெல்லாம் அதில் வரும். தோண்டியதை எப்போது மூடுவார்கள் என்பது மட்டும் ஒருநாளும் வந்ததில்லை. ஜனங்கள் அந்தத் தாளை அலமாரியில் விரிக்கவும் ஜன்னல் துடைக்கவும் வைத்துக்கொள்கிறார்கள் என்று அவருக்கு நன்றாகவே தெரியும். அதற்காக ஒரு காற்புள்ளியைக்கூட அவர் விட்டுக்கொடுத்தது கிடையாது. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட 'திருத்தம்' என்று கட்டம் கட்டிப் போட வேண்டி வந்ததில்லை. அதைச் சொல்லும்போது அவர் முதுகு கொஞ்சம் நிமிரும்.

உண்மையைச் சொன்னால் அந்தப் பெருமையில் பாதி கண்ணாடிக்குச் சேர வேண்டியது. கண்ணாடி என்பது எதிர் நாற்காலிக்காரர். சோடாபுட்டிக் கண்ணாடி போட்டிருந்ததால் அந்தப் பெயர். பிழை பார்ப்பது இரண்டு பேர் செய்கிற வேலை. கண்ணாடி அச்சடித்த தாளைச் சத்தமாக வாசிப்பார். புள்ளி, காற்புள்ளி, புதுப் பத்தி என்று ஒன்றுவிடாமல் சொல்லுவார். இவர் கையெழுத்துப் பிரதியை வைத்துக்கொண்டு ஒத்துப் பார்ப்பார். தப்பு வந்த இடத்தில் கண்ணாடி சிவப்புப் பேனாவால் ஒரு கோடு இழுப்பார்.

அவர்களுக்குள் ஒரு பழக்கம் இருந்தது. ஏதாவது ஒரு பிரிவு தன் தொலைபேசி எண்ணை நேரத்துக்கு அனுப்பாது. இடத்தைக் காலியாக விட்டால் பக்கம் கோணிக்கொள்ளும். அதனால் புரூஃப் சார் தற்காலிகமாகத் தன் வீட்டுத் தொலைபேசி எண்ணை அங்கே போட்டு வைப்பார். பார்த்த மாத்திரத்தில் இது நிரப்பு எண் என்று தெரிந்துவிடும் அல்லவா? வாசித்துக்கொண்டே வரும் கண்ணாடி அந்த எண்ணுக்கு வந்ததும் நிறுத்தி, பேனாவைக் காதில் வைத்துக்கொண்டு, "ஹலோ, அண்ணி இருக்காங்களா?" என்பார். பிறகு ஒரே கோடாக அடிப்பார். வருடக்கணக்காக இதே வேடிக்கை, வருடக்கணக்காக இருவரும் சிரித்தார்கள். நான்கு வருடத்துக்கு முன் அண்ணி இறந்துபோனாள். அதற்கு அடுத்த இதழில் அந்த எண் வந்தபோது கண்ணாடி வாசிப்பதை நிறுத்தினார், ஒன்றும் சொல்லாமல் அடித்தார், மேலே வாசித்தார்.

போன வருடம் கண்ணாடி ஓய்வு பெற்று மகள் இருக்கும் ஊருக்குப் போய்விட்டார். அந்த இடத்துக்கு ஆள் போடவில்லை. 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வந்தது. அந்த வார்த்தையை எத்தனையோ தடவை அச்சில் சரிபார்த்தவருக்கு அதன் அர்த்தம் தெரியாதா? தானே சத்தமாக வாசித்து, தானே ஒத்துப் பார்க்க ஆரம்பித்தார். எதிர் நாற்காலி காலியாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

இந்தக் கோடையில் சுகாதாரப் பிரிவு ஒரு புதுத் திட்டம் கொண்டுவந்தது. தனியாக வசிக்கும் அறுபது வயதுக்கு மேற்பட்டவர்கள் தொலைபேசியில் பெயரைப் பதிவு செய்துகொள்ளலாம். வெயில் தணியும்வரை தினமும் காலையில் கூப்பிட்டு நலம் விசாரிப்பார்கள். எடுக்கவில்லை என்றால் அரை மணி நேரத்தில் நர்ஸ் வீடு தேடி வருவார். நல்ல திட்டம்தான். வழக்கம்போல எண் மட்டும் வரவில்லை. புரூஃப் சார் தன் வீட்டு எண்ணைப் போட்டு வைத்தார். சாயங்காலம் சரியான எண் ஒரு துண்டுச் சீட்டில் வந்தது. அதைக் கிளிப்பில் செருகினார். மறுநாள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நான்கு பக்கத்தையும் இரண்டு தடவை வாசித்தார். அந்த எண்ணையும் வாசித்தார். சொந்த வீட்டு எண் யார் கண்ணுக்குத் தப்பாகத் தெரியும்? தாள் அச்சுக்குப் போய்விட்டது.

வீட்டுத் தொலைபேசி ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அடிக்கும். தூரத்தில் இருக்கும் மகன் கூப்பிடுவான். "சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, அந்த லேண்ட்லைனை எடுத்துடுங்கப்பா" என்று மூன்று வாக்கியத்தில் முடித்துவிடுவான். அன்று ஒரு வியாழக்கிழமை. சாப்பிட்ட ஒற்றைத் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தபோது அது அடித்தது. ஈரக் கையோடு ஓடினார்.

"நகராட்சிங்களா?" வயதான பெண் குரல், ஆனால் அதட்டலான குரல். "பகல் பூரா அடிக்கறேன், எடுக்க ஆள் இல்ல. இப்பதான் எழுந்தீங்களா?"

"இல்லம்மா, இது..."

"அம்மா இல்ல, டீச்சர். முப்பத்தாறு வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்திருக்கேன். எழுதிக்கங்க. மூணாவது மாடி. வயசு எழுபத்திநாலு. தனியாத்தான் இருக்கேன். காலைல ஏழு மணிக்குக் கூப்பிடுங்க. ஏழுன்னா ஏழு. ஏழு அஞ்சு இல்ல."

அவர் எழுதிக்கொண்டார். வைத்த பிறகுதான் தாளை எடுத்துப் பிரித்தார். மூன்றாம் பக்கத்தில், தடித்த எழுத்தில், அவருடைய வீட்டு எண். அதற்குள் மறுபடி மணி அடித்தது. அன்று இரவு படுப்பதற்குள் நான்கு பேர் பதிந்துவிட்டார்கள்.

காலையில் முதல் வேலையாகச் சொல்லிவிடுவது என்றுதான் சுகாதாரப் பிரிவுக்குப் போனார். நர்சம்மா புதுத் தொலைபேசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"ஒருத்தர்கூடக் கூப்பிடல சார். ஈ ஓட்டிக்கிட்டு இருக்கேன். நம்பர் சரியாத்தானே போட்டிருக்கீங்க?"

ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். "ம்," என்றார் புரூஃப் சார். திரும்பி வந்து, கிளிப்பில் இருந்த அந்தத் துண்டுச் சீட்டை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அவமானம் ஒரு காரணம். இன்னும் நான்கு மாதத்தில் ஓய்வு. இருபத்திரண்டு வருடத்துக்குப் பிறகு கட்டம் கட்டின திருத்தத்தோடு வெளியே போவதா? ஆனால் அது பாதிதான். மீதிப் பாதியை அவர் தனக்குத்தானேகூடச் சொல்லிக்கொள்ளவில்லை, நாம் சொல்லிவிடலாம். நான்கு வருடமாக அந்த வீட்டில், மகனின் ஞாயிற்றுக்கிழமை மூன்று வாக்கியம் தவிர, அவர் குரலுக்குப் பதில் குரல் கேட்டதில்லை. நேற்று நான்கு கேட்டது.

தினமும் காலை ஏழு மணிக்கு அவர் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு தொலைபேசி முன் உட்கார்ந்தார். யார் பார்க்கப் போகிறார்கள்? இருந்தாலும் அரசாங்க வேலை. முதலில் டீச்சர், இரண்டாவது தடவை மணி அடிப்பதற்கு முன்னாலேயே எடுத்துவிடுவார். "உயிரோட இருக்கேன். நீங்க?" என்று கேட்டு வைத்துவிடுவார். அடுத்தவர் பழைய லாரி டிரைவர். அவர் லேசில் விடமாட்டார். முட்டி வலியில் ஆரம்பித்து, பிரேக் பிடிக்காத லாரியை மலை இறக்கத்தில் இறக்கிய கதைவரை போவார். அந்தக் கதையில் லாரி ஒவ்வொரு நாளும் இன்னும் கொஞ்சம் வேகமாக இறங்கும். பத்து நாளில் பட்டியல் பதினொன்று ஆனது. தண்ணீர் குடித்தீர்களா, ஜன்னலைத் திறந்தீர்களா என்று கேட்டபோது அவரும் எழுந்துபோய்த் தன் ஜன்னலைத் திறந்து வைத்தார். அதுவரை யாரும் சொல்லாததால் திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மகன் கேட்டான்: "என்னப்பா, எப்பப் பாத்தாலும் எங்கேஜ்டாவே இருக்கு? யார்கூடப் பேசறீங்க?"

"ஆபீஸ் விஷயம்ப்பா," என்றார். அவர் குரலில் கொஞ்சம் மிடுக்கு வந்திருந்தது.

இதற்கிடையில் நர்சம்மா மாடிப்படியில் பார்த்து ஒரு செய்தி சொன்னாள். "திட்டத்தையே மூடிடலாம்ங்கறாங்க சார். ஜனங்களுக்கு அக்கறை இல்லையாம்." அவர் தலையாட்டிவிட்டு இறங்கிப் போனார். நாளைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தார். மறுநாளும் அப்படித்தான் நினைத்தார்.

பதினாறாவது நாள் ஏழு மணிக்கு டீச்சர் எடுக்கவில்லை.

குளியலறையில் இருப்பார் என்று ஐந்து நிமிடம் பொறுத்தார். மறுபடி அடித்தார். லாரி டிரைவரைக் கூப்பிடும் நேரம் தாண்டியது. ஏழு இருபதுக்கு மூன்றாவது தடவை அடித்தார், யாரும் எடுக்கவில்லை. அரை மணி நேரத்தில் நர்ஸ் வர வேண்டும். தாளில் அப்படித்தான் போட்டிருக்கிறது, எழுத்துப் பிழை இல்லாமல். ஆனால் அந்த நர்சுக்கு இப்படி ஒரு டீச்சர் இருப்பதே தெரியாது. பட்டியல் இவர் வீட்டு முக்காலியில் கிடக்கிறது. அதில் எழுதியிருந்த முகவரியைப் பார்த்துக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினார்.

மூன்று மாடி. எதிர்வீட்டுப் பெண்ணிடம் மாற்றுச் சாவி இருந்தது. டீச்சர் குளியலறைத் தரையில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வழுக்கி விழுந்ததில் கணுக்கால் வீங்கிக் கிடந்தது. முகம் வெளுத்திருந்தாலும் கண் கூடத்துக் கடிகாரத்தில்தான் இருந்தது.

"ஏழு அம்பது," என்றார். "போன் அடிச்சது எல்லாம் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். அரை மணி நேரம்னு போட்டிருந்தீங்களே. நர்ஸ் எங்க?"

அந்தக் குரலை அவருக்குத் தெரியும். குரலுக்குச் சொந்தமான முகத்தை அப்போதுதான் பார்த்தார். அவர் நினைத்திருந்ததைவிட ரொம்பச் சின்ன உருவம்.

"நர்ஸ் வரல டீச்சர். அவங்களுக்குத் தெரியாது. அது என் வீட்டு நம்பர். தப்பா அச்சாயிடுச்சு. நான்தான் பிழை பாக்கறவன்."

டீச்சர் சுவரைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பதினாறு நாளா தப்பு தெரிஞ்சும் என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க?"

"பேசிக்கிட்டு இருந்தேன்," என்றார் புரூஃப் சார்.

டீச்சர் திட்டுவார் என்று காத்திருந்தார். அவர் திட்டவில்லை. "என்னைத் தூக்கி உட்கார வைக்கறேன்னு நீங்களும் விழுந்துடாதீங்க. போய் அந்த நர்சுக்குப் போன் பண்ணுங்க, சரியான நம்பர்ல," என்றார்.

சட்டைப்பையில் பதினாறு நாளாகக் கசங்கிக் கிடந்த துண்டுச் சீட்டை எடுத்து, கடைசியில் அந்த எண்ணை அவரே அடித்தார். நர்சம்மா இருபது நிமிடத்தில் வந்து சேர்ந்தாள். அரை மணி என்று போட்டது பொய்யில்லை.

அன்று மத்தியானம் அவர் ஒரு கட்டம் வரைந்தார். மேலே 'திருத்தம்' என்று எழுதினார். சென்ற இதழின் மூன்றாம் பக்கத்தில் வெளியான எண் தவறானது என்று தொடங்கி நான்கு வரி. புள்ளி, காற்புள்ளி எல்லாம் சொல்லி, எதிர் நாற்காலியைப் பார்த்துச் சத்தமாக வாசித்தார். தப்பு ஒன்றும் இல்லை. அதை அச்சுக்குக் கொடுத்துவிட்டு, பட்டியலை எடுத்துக்கொண்டு சுகாதாரப் பிரிவுக்குப் போனார்.

நர்சம்மா கோபமாகத்தான் இருந்தாள். கோபப்பட வேண்டியதுதான். ஆனால் பட்டியலைப் படிக்கப் படிக்க அவள் முகம் மாறியது. ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் சின்ன எழுத்தில் குறிப்பு இருந்தது. 'ஏழு மணி, ஒரு நிமிடம்கூடப் பிந்தக் கூடாது.' 'லாரிக் கதையை முழுக்கக் கேட்க வேண்டும்.' 'காது மந்தம், பத்து தடவை மணி அடிக்கும்வரை வைக்க வேண்டாம்.' 'தண்ணீர் குடித்தேன் என்று பொய் சொல்வார்.'

"நாளையிலேர்ந்து நான் கூப்பிட்டுக்கறேன் சார். பதினொரு பேர்தானே?" என்று விரலால் எண்ணிக்கொண்டே வந்தவள் கடைசி வரியில் நின்றாள். "பன்னிரண்டு இருக்கே. இதுல பேரே இல்லையே." பக்கத்தில் கிடந்த 'நகரச் செய்தி'யை இழுத்து மூன்றாம் பக்கத்தை ஒத்துப் பார்த்தாள். "அட, இது அந்தத் தப்பா அச்சான நம்பர். மறந்து எழுதிட்டீங்க போல, அடிச்சிடறேன்," என்று பேனாவை எடுத்தாள்.

"வேண்டாம்மா. இருக்கட்டும்."

பேனா தாளுக்கு மேலே நின்றது. அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். முழுக்கைச் சட்டையின் பொத்தான் ஒன்று வேறு நிற நூலில் தைத்திருந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"வயசு என்ன போடட்டும் சார்?"

"அம்பத்தொம்பது."

"அறுபதுக்கு மேலன்னுதானே சார் போட்டிருக்கு? நீங்க சரிபாத்ததுதானே?"

புரூஃப் சார் அந்த மூன்றாம் பக்கத்தை மடித்து அவள் பக்கம் தள்ளினார்.

"அதையும் தப்பா விட்டுட்டேன்னு வெச்சுக்கங்கம்மா," என்றார்.