செல்லத்துரை அண்ணையின் ஹீற்றர் பட்டன்

இடம்பெயர்ந்து அலைந்த காலத்தைக் கழித்துவிட்டால், புங்குடுதீவிலும் வேலணையிலும் இருபத்தைந்து வருடம் வீடுகளுக்கு வயரிங் செய்திருக்கிறேன். என் வேலையால் ஒருவருக்குக் காயம் பட்டது ஒரே ஒரு முறை. இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு, நான் நன்றாகச் செய்த வேலைகளைத் தெரிந்துகொண்டு ஆகப்போவது ஒன்றுமில்லை. அதனால் அந்த ஒன்றை எழுதுகிறேன்.

1. ஜேர்மனியிலிருந்து வந்த பெட்டி

எண்பதுகளின் நடுப்பகுதி. குறிகட்டுவானுக்குப் போகிற றோட்டிலிருந்து உள்ளே இறங்கும் ஓர் ஒழுங்கையில் செல்லத்துரை அண்ணையின் வீடு. நயினாதீவுக்குச் சனம் ஏற்றும் லோஞ்ச் படகு ஓட்டியவர். பாரிசவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. இடது காலில் நுள்ளினாலும் தெரியாது. மார்கழிக் காற்றுக்கு அந்தக் கால் விறைத்துப்போகும் என்று ஜேர்மனியிலிருந்த மகன் இரண்டு கம்பி ஹீற்றர் ஒன்றை அனுப்பியிருந்தான்.

ஹீற்றரைப் போடவும் நிற்பாட்டவும் மனைவி பரிமளம் அக்கா குசினியில் அடுப்பை விட்டு ஓடிவர வேண்டும். அண்ணைக்கு அது பிடிக்கவில்லை.

"அறுபது சனத்தோட லோஞ்சைக் கரைக்குக் கொண்டுவந்தனான். இப்ப ஒரு சுவிச்சுக்கு ஒரு மனுசியைக் கூப்பிட வேண்டிக் கிடக்கு" என்பார்.

இதைக் கேள்விப்பட்ட மகன், கொழும்பு வழியாக வந்த ஒருவரிடம் இன்னொரு பெட்டியைக் கொடுத்துவிட்டான். உள்ளே சுவரில் பூட்டும் வெள்ளை றிசீவர் ஒன்று. கூடவே உள்ளங்கையில் அடங்கும் சின்னக் கட்டை, அதில் ஒரு பட்டன். அமத்தினால் றேடியோ அலை போய் றிசீவரைத் தட்டும், ஹீற்றர் பிடிக்கும். இன்னொருமுறை அமத்தினால் நிற்கும்.

பரிமளம் அக்கா அந்தக் கட்டையைத் தொடவே பயந்தார். "தம்பி, உது வயர்லெஸ் சாமான் எண்டு ஆரும் வந்து கேட்டால் நாங்கள் என்னத்தைச் சொல்லுறது?" வயர்லெஸ் வைத்திருப்பவரை ஆமி பிடித்துக்கொண்டு போன அந்த நாளில் அது நியாயமான பயம்தான்.

பெட்டிக்குள் நாலு பக்கத்தில் ஒரு தாள் இருந்தது. எல்லாம் டொச், ஜேர்மன்காரரின் மொழி. நடுவில் முக்கோண அடையாளம் போட்டுத் தடித்த எழுத்தில் நாலைந்து வரி.

"இதிலை என்ன எழுதியிருக்கு எண்டு தெரியாமல் பூட்டலாமோ? மகனுக்கு எழுதிக் கேப்பமோ?" என்றார் அக்கா.

நான் ஹீற்றரின் தகட்டைப் பார்த்தேன், இரண்டாயிரம் வாற்ஸ். றிசீவரின் முதுகைப் பார்த்தேன், பத்து அம்பியர். ஹீற்றருக்கு ஒன்பது போதும், கணக்குச் சரி.

"இலக்கம் எல்லா மொழியிலயும் ஒண்டுதான் அக்கா. கடிதம் போய் வர ரண்டு மாதம் செல்லும். அதுக்குள்ள மார்கழி முடிஞ்சிடும்" என்றேன்.

கெட்டித்தனமாகச் சொல்லிவிட்டதாக அப்போது எனக்குள் ஒரு பெருமை. இன்றைக்கும் அந்த வசனம் ஞாபகம் வந்தால் வெட்கமாக இருக்கும்.

வேலையில் குறை வைக்கவில்லை. அவர்களுடைய பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு நம்முடைய பதினைந்து அம்பியர் மூன்று பின் பிளக் போட்டேன். ஏர்த்தைச் சோதித்தேன். புது வயர் இழுத்தேன். கட்டையை அண்ணையின் வலது கையில் கொடுத்தேன்.

அமத்தினார். 'டிக்' என்றது. கம்பி சிவந்தது. திரும்ப அமத்தினார், அணைந்தது. பத்துத் தரமாவது செய்திருப்பார்.

"எஞ்சின் ஸ்ராட் எடுத்த மாதிரிக் கிடக்கடா தம்பி" என்றவருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

2. ஊர்ப் பழக்கம்

எங்கள் தீவுகளில் கரண்ட் போவதும் வருவதும் அதன் இஷ்டம். எப்போது வரும் என்று தெரியாததால் எல்லோரிடமும் ஒரு பழக்கம் இருந்தது. கரண்ட் போனால் ஒரு லைற்றின் சுவிச்சை மட்டும் நிற்பாட்டாமல் விடுவோம். அது எரிந்தால் கரண்ட் வந்துவிட்டது.

அந்த வீட்டில் அது ஹீற்றராகிப் போனது. அண்ணையின் கட்டை கரண்ட் இல்லாதபோது வேலை செய்யாது. ஆனால் றிசீவருக்குள் இருக்கும் றிலே என்ற சுவிச் விட்ட நிலையிலேயே நிற்கும். ஹீற்றர் எரியும்போது கரண்ட் போனால், திரும்பி வரும்போது தானாக எரியும். முதலில் அக்கா ஒவ்வொரு முறையும் பிளக்கைக் கழற்றித்தான் வைத்தார்.

"கழட்டாதை பரிமளம். கம்பி சிவந்தால் எனக்குத்தானே முதல் தெரியும்" என்று அண்ணை மறித்துவிட்டார்.

கம்பி சிவந்ததும் ஒழுங்கை முழுக்கக் கேட்கக் கத்துவார். "கரண்ட் வந்திட்டுது!" பழைய லோஞ்ச் குரல். கரையில் நிற்பவர்களைக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை. வேலிக்கு அப்பாலிருந்து ஆட்கள் "ஓம் அண்ணை!" என்பார்கள். படுக்கையில் விழுந்த பிறகு ஊருக்கு அவரால் ஆன ஒரே காரியம் அது.

ஒருநாள் அக்கா என்னிடம் கேட்டார். "இப்பிடி விடுறது சரியோ தம்பி? நீர் தெரிஞ்ச ஆள், சொல்லும்."

நான் சிரித்தேன். "விடுங்கோ அக்கா. அண்ணை எங்கட றேடியோ அறிவிப்பாளர்."

தெரிந்த ஆளிடம் கேட்டார். தெரிந்த ஆள் பகிடி விட்டான்.

3. குரல் வராத நாள்

தை மாதத்து வெள்ளிக்கிழமை. பரிமளம் அக்கா நயினாதீவு அம்மன் கோயிலுக்குக் காலை லோஞ்சில் போய்விட்டார். மதியத்துக்குள் திரும்பிவிடுவார். போகும்போது கரண்ட் இல்லை. ஹீற்றர் வழக்கம்போல விட்டபடி. அறை கூட்டும்போது அதைக் கட்டிலுக்குக் கிட்டத் தள்ளியிருந்தார், திரும்ப விலத்தி வைக்க மறந்துவிட்டார்.

நான் இரண்டு வீடு தள்ளி ஒரு விறாந்தைக்கு லைற் பூட்டிக்கொண்டிருந்தேன். பத்து மணியளவில் என் சோதனை பல்ப் எரிந்தது. கரண்ட் வந்துவிட்டது. அண்ணையின் குரலுக்குக் காதைக் கொடுத்தபடி ஸ்குறூவை முறுக்கினேன். ஒன்று முறுக்கி முடிந்தது. இரண்டாவதும் முடிந்தது. குரல் வரவில்லை.

ஏணியிலிருந்து எப்படி இறங்கினேன் என்று தெரியாது. படலையைத் தள்ளும்போதே கம்பளி கருகும் மணம் வந்தது.

அண்ணை நித்திரை. இடது கால் போர்வையோடு கட்டிலின் ஓரத்துக்குச் சரிந்து, சிவந்த கம்பிக்கு ஒரு சாண் தூரத்தில் கிடந்தது. போர்வையின் விளிம்பு புகைந்தது. கட்டை கையிலிருந்து நழுவிக் கட்டிலுக்குக் கீழே கிடந்தது. பிளக்கை இழுத்தேன். போர்வையைப் பறித்து முற்றத்தில் எறிந்தேன். குதிக்காலைப் பார்த்தேன். பார்த்ததை எழுத மாட்டேன்.

நான் தூக்கிய அசைவில் அண்ணை கண் விழித்தார். முகத்தில் நோவே இல்லை.

"என்ன தம்பி, கரண்ட் வந்திட்டுதோ?" என்று கேட்டார்.

அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

4. அதன் பிறகு

ஆஸ்பத்திரி டொக்டர் என்னை விசாரித்துவிட்டு ஒன்றுதான் சொன்னார். "உணர்ச்சியில்லாத காலுக்குச் சூடு காட்டக் கூடாது. சுடுதெண்டு ஆர் சொல்லுறது? அறையைச் சூடாக்குங்கோ, காலுக்குச் சொக்ஸ் போடுங்கோ."

புண் ஆற நாலு மாதம் சென்றது. அந்த நாலு மாதமும் பரிமளம் அக்கா என்னைக் குறை சொல்லவில்லை. "நான் கோயிலுக்குப் போயிருக்கக் கூடாது" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஒருநாள் பொறுக்க முடியாமல், "அக்கா, பிழை என்ரை. வாசிக்கத் தெரியாத தாளை வாசிச்ச மாதிரிப் பூட்டினது நான். நீங்கள் கேட்டபோது சிரிச்சதும் நான்" என்றேன். அவர் தேத்தண்ணி போட எழும்பினார்.

தாளை நான் மகனுக்கு அனுப்பியிருந்தேன். பதில் வந்தது. முக்கோணத்துக்குப் பக்கத்திலிருந்த வரிகளை அவன் தமிழில் எழுதியிருந்தான். ஹீற்றரைக் கண்ணால் பார்க்காமல் றிமோற்றால் போடக் கூடாது. ஆளில்லாத இடத்தில், தானாக விலக முடியாதவருக்குப் பக்கத்தில் எரிய விடக் கூடாது. துணிமணி கிட்ட இருக்கக் கூடாது. மின்சாரம் நின்றால் பிளக்கைக் கழற்றிவிட வேண்டும். அக்கா படிக்காமலே செய்துவந்தது அந்தக் கடைசி வரியைத்தான்.

ஹீற்றரைக் கடலில் எறியச் சொன்னார் அக்கா. அண்ணை கட்டையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். "இதை எடுக்கிறதெண்டால் என்னையும் சேர்த்து எறி. என்ரை கையிலை வேறை என்ன மிச்சம் இருக்கு?"

இரண்டு பேர் சொன்னதும் நியாயம். தோட்டக் கிணற்று மோட்டருக்குப் பூட்டும் ஸ்ராட்டர் ஒன்று வாங்கினேன். கரண்ட் நின்றால் அது தானாக விழுந்து தொடுப்பை அறுத்துவிடும். ஓர் ஆள் வந்து பச்சைப் பட்டனை அமத்தினால்தான் திரும்பப் பிடிக்கும். அதை வாசல் நிலையோடு, அறைக்குள் நிற்பவர் கைக்கு எட்டும் இடத்தில் பூட்டி, ஹீற்றரை அதற்குப் பிறகு தொடுத்தேன். கட்டிலிலிருந்து இரண்டு பாகம், பன்னிரண்டு அடி தள்ளி, எட்டவுள்ள வெறுஞ்சுவரைப் பார்த்தபடி ஹீற்றரை நிலத்தோடு இறுக்கினேன். அக்கா வீட்டில் நின்று பச்சைப் பட்டனை அமத்திவிட்டால், போடுவதும் நிற்பாட்டுவதும் அண்ணையின் கையில். வெளியே போகும்போது பிளக்கைக் கழற்றிவிட்டு, அதை இரண்டு தரம் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் அக்கா படலையைச் சாத்துவார்.

கடைசியாக, கட்டிலுக்கு நேரே ஒரு நாற்பது வாற்ஸ் பல்ப் போட்டேன். சுவிச் இல்லை. கரண்ட் இருந்தால் எரியும், இல்லாவிட்டால் எரியாது.

அதைப் பூட்டிய பின்னேரமே கரண்ட் போனது. நான் ஒழுங்கை முனையில் சைக்கிளோடு நின்றேன். வீட்டுக்குப் போக மனம் வரவில்லை. ஒரு மணித்தியாலம் இருக்கும்.

"கரண்ட் வந்திட்டுது!"

வேலிகளுக்கு அப்பால் இரண்டு மூன்று பேர் பதில் கொடுத்தார்கள். "ஓம் அண்ணை!" என்று நானும் கத்தினேன்.

அன்றிலிருந்து கரண்ட் போனால், நான் நிற்கிற வீட்டில் முதலில் சூடாகிற சாமானின் பிளக்கைக் கழற்றுவேன். பிறகுதான் மற்ற வேலை. வாசிக்கத் தெரியாத தாள் வந்தால், தெரிந்தவர் கிடைக்கும்வரை சாமான் பெட்டிக்குள்ளேயே இருக்கும். மார்கழி முடிந்தால் முடியட்டும். பிள்ளைகளே, வீட்டுக்காரர் பயந்து ஒரு கேள்வி கேட்டால் சிரிக்காதீர்கள். வேலையை நிற்பாட்டிவிட்டு அந்தக் கேள்விக்குக் காது கொடுங்கள்.