பதின்மூன்றாம் மைலில் ஒரு மணி

போன வாரம் ஒரு மனிதனின் வேலையைப் பறிக்கப் பார்த்தேன். கோபத்தால் அல்ல — கணக்கால்!

கண்டியிலிருந்து மடுல்கெல்லைக்கு இருபது மைல் தந்திக் கம்பி. கோப்பி விலை சொல்லித் தந்தி வராவிட்டால் தோட்டத்துத் துரைமாருக்குச் சோறு இறங்காது. அந்தக் கம்பியோ மூன்று வாரமாக முக்கி முனகியது. எங்கோ மின்சாரம் மண்ணில் இறங்குகிறது. எங்கே?

கண்டுபிடிப்பது தந்தி ஆபீசில் என் வேலை. கம்பி நீள நீள மின்சாரத்துக்குத் தடை கூடும். தடையை அளந்தால் மைல் தெரியும். அளந்தேன். "பதினைந்தாம் மைல்!" என்றேன், பெரிய சோசியக்காரன் மாதிரி.

லைன்மேன் கறுப்பையா நாலு தடவை போய்ப் பார்த்தான். ஒன்றுமில்லை. 'சோம்பேறி. சனிக்கிழமைக்குள் கண்டுபிடிக்காவிட்டால் சீட்டைக் கிழித்துவிடு' என்று கொழும்பிலிருக்கும் எங்கள் பெரிய துரை எனக்கு எழுதிவிட்டார்.

"நாலும் பொம்பளப் புள்ளைங்கய்யா... நான் பார்க்காத கம்பம் இல்லீங்க," என்றான்.

மடுல்கெல்லை ஆபீஸ் நண்பரை அந்த முனையிலிருந்து அளக்கச் சொன்னேன். ஒன்பது மைல் என்றார். பதினைந்தும் ஒன்பதும் இருபத்துநாலு. லைனே இருபதுதானே ஐயா! மிச்ச நாலு மைல் எங்கிருந்து முளைத்தது?

அப்போதுதான் உறைத்தது. கம்பி மண்ணைத் தொடும் இடத்துக்கும் சொந்தமாக ஒரு தடை உண்டு. அதையும் நாங்கள் இருவரும் கம்பியின் தலையில் கட்டியிருக்கிறோம்! ஆளுக்கு இரண்டு மைல் கழித்தால்... பதின்மூன்று!

நானும் கறுப்பையாவும் ஓடினோம். அங்கே ஒரு முனி கோயில். காற்றில் கம்பி ரீங்கரிப்பதை முனி பேசுவதாக எண்ணி, பிள்ளைக்குக் காய்ச்சல் நின்ற நேர்த்திக்காக, தோட்டத்துப் பெண் ஒருத்தி கம்பியில் மணி கட்டியிருந்தாள். மணியைத் தாங்கியது இரும்புச் சங்கிலி. அதன் நுனி, மண்ணில் நட்ட சூலத்தில்!

"இதைப் பார்க்கலையா?" என்றேன்.

"பார்த்தேனுங்க. கும்பிட்டுட்டுத்தான் போனேன். சாமி காரியத்துல கொறை இருக்கும்னு யாரு நெனைப்பா?"

சங்கிலியை அவிழ்க்கப் போனதும் அந்தப் பெண் ஓடிவந்து அதைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "சாமி பேசுற கம்பிங்க இது!"

"அந்தப் பேச்சைத்தான் ஆத்தா நீ மண்ணுல இறக்கிட்ட. மரத்துல கட்டு, அவருக்கு நல்லாவே கேக்கும்," என்றான் கறுப்பையா. அவளே அவிழ்த்தாள்.

கம்பியில் கோளாறென்றால் லைன்மேன் சோம்பேறி. நம் கணக்கில் கோளாறென்றால்? அதை யார்தான் அளக்கிறோம்?

ஆபீசுக்கு வந்ததும் கொழும்புக்குத் தந்தி அடித்தேன்: 'தவறு கறுப்பையாவுடையதல்ல. என்னுடையது.'

பதில் பளிச்சென்று வந்தது: 'அவன் இருக்கட்டும். நீர் கணக்குப் படியும்.'